வில்லியனூர் வலை: ஒரே இணைப்பைப் பத்து ஊர் பங்கு போட்ட கதை

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் இந்த இரண்டு மார்க் கேள்வி தெரிந்திருக்கும். "கணினிகளை ஏன் வலையாக இணைக்கிறோம்?" பதில்: "வளங்களைப் பகிர்ந்துகொள்ள." அதற்கு உதாரணம் என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரே பிரிண்டர்தான் வரும். ஒரு ஆபீஸ், பத்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பதில் முடிந்தது, மார்க்கும் வந்தது.

அந்தப் பிரிண்டரை விட நல்ல உதாரணம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்வதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம் தாண்டி வரும். இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். நான் சொல்லப் போகிற இடம் இதற்கு எதிர்த் திசையில், புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் வில்லியனூர். வருடம் 1998.

அந்த நாள் நிலவரத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செல்போன் பணக்காரர் சாமான். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நூறு பேருக்கு இரண்டு போன் கூட முழுதாக இல்லை, கிராமத்தில் அதைவிடக் குறைவு. மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்தான் ஊருக்கே தொலைபேசி. (அந்த மஞ்சள் பூத்தே இந்தியாவின் மிகப் பெரிய வளப் பகிர்வு என்று நான் வாதாடுவேன். ஒரு லைனை ஒரு தெருவே பயன்படுத்தியது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். கொடுக்க ஆரம்பித்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். டயல்-அப் மோடம் கத்திக் கத்தி இணைப்பு கிடைத்து, பக்கம் திறப்பதற்குள் லைன் அறுந்து போகும் காலம்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. தகவல் தொழில்நுட்பத்தை எட்டாதவர்களுக்கு எப்படி எட்ட வைப்பது என்று 1992 ஜனவரியிலேயே அந்த நிறுவனம் ஒரு கலந்துரையாடல் நடத்தியிருக்கிறது. 'பயோவில்லேஜ்' என்ற திட்டத்துக்காகப் புதுச்சேரிக் கிராமங்களில் ஏற்கெனவே அவர்கள் வேலை செய்துகொண்டிருந்ததால் ஆட்களும் பழக்கமாகியிருந்தார்கள். கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு பண உதவி செய்தது. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம், வி. பாலாஜி ஆகியோர் திட்டத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டம் என்று பெயர். 'ஆராய்ச்சி' என்ற சொல் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். இது கம்ப்யூட்டர் தானம் கொடுக்கும் திட்டம் அல்ல.

சரி, பிரச்சினை என்ன? ஏறக்குறைய பத்து ஊர்களுக்குத் தகவல் போக வேண்டும். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு போன்ற ஊர்கள். சில வயல் ஊர், சில மீன்பிடி ஊர். ஒவ்வொரு ஊரிலும் நம்பகமான தொலைபேசி லைன் கிடையாது. கிடைத்தாலும் ஊர் ஊராக இணையக் கணக்கு எடுத்து டயல் செய்ய யாரிடம் காசு?

இங்கேதான் பழைய கணக்கு ஒன்று உதவுகிறது. டென்மார்க் நாட்டு கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்பவர் 1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகளில் இருந்து வருவது. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் எர்லாங்-பி சூத்திரம் அவருடையதுதான். அதில் எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் சுவாரசியம்.

ஓர் ஊருக்கு மணிக்குச் சராசரியாக 6 நிமிடம் லைன் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 0.1 எர்லாங். பத்து ஊருக்குப் பத்துத் தனி லைன் கொடுத்தால், ஒவ்வொரு லைனும் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். ஆனாலும் வருகிற முயற்சிகளில் 9 சதவீதத்துக்கு 'பிஸி' டோன்தான். இப்போது பத்து ஊரும் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பாக 4 லைனை மட்டும் பயன்படுத்தினால்? பிஸியாவது 1.5 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. 3 லைன் போதும் என்றாலும் 6.25 சதவீதம்தான், பத்துத் தனி லைனை விடக் குறைவு. பத்து செலவழித்துக் கிடைப்பதை விட மூன்றில் அதிகம் கிடைக்கிறது. நான் முதல் தடவை இதைக் கால்குலேட்டரில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். சரிதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வராது என்பதுதான் மொத்த ரகசியமும்.

அதே கணக்கு பயமும் காட்டும். பத்து ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு லைன் என்றால் பாதி முயற்சி திருப்பி அனுப்பப்படும். கிராமத் திட்டத்தின் கையிருப்போ கிட்டத்தட்ட அந்த நிலைதான். பகிர்வது மட்டும் போதாது, பகிரும் முறையையும் யோசிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் செய்தது இது. வில்லியனூரில் ஒரு மையம். அங்கே கம்ப்யூட்டர்கள், தொலைபேசி, டயல்-அப் இணைய இணைப்பு. ஊர்களில் தகவல் மையங்கள், அங்கும் கம்ப்யூட்டர். நடுவில் கம்பி கிடையாது, வி.எச்.எஃப். வானொலி. போலீஸ்காரர்கள் கையில் 'ஓவர், ஓவர்' என்று பேசுவார்களே, அந்த வகையறா இருவழி வானொலிக் கருவிதான். அதில் பேச்சும் போகும், கம்ப்யூட்டரை இணைத்தால் தகவலும் போகும். பிறகு சில இடங்களில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் கருவிகளும் சேர்ந்தன. மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது என்பதால் சோலார் பேனல்களும் வைத்தார்கள். தொலைபேசிக் கம்பி, வானொலி, சூரிய மின்சாரம், டயல்-அப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் முடிச்சுப் போட்ட கதம்ப வலை. பாடப்புத்தகத்தில் வரும் சுத்தமான நட்சத்திர வடிவப் படம் இதற்குப் பொருந்தாது.

இந்த யோசனைக்கு ஒரு மூத்த அண்ணன் பசிபிக் கடலில் இருக்கிறார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு 1968-ல் தொடங்கி 1971 ஜூனில் ஓடவிட்ட அலோஹாநெட். அங்கே தீவுகளுக்கு நடுவில் கடல். தொலைபேசிக் கம்பி விலை அதிகம், தரமும் மோசம். அதனால் வானொலி. பல டெர்மினல்கள், ஒரே அலைவரிசை. யாருக்கு எப்போது முறை? ஆப்ரம்சனின் பதில் கிட்டத்தட்ட நம்ம ஊர் டீக்கடை மாதிரி: அனுப்பணும் என்று தோன்றினால் அனுப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், பதில் வராது. பதில் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் (ஆளுக்கு ஆள் வேறு வேறு நேரம்) காத்திருந்து மறுபடி அனுப்பு. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

இதற்கு விலை உண்டு. அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் பயன்படும். மிச்சம் மோதலிலும் சும்மா இருப்பதிலும் போய்விடும். 1972-ல் லாரி ராபர்ட்ஸ் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டின் ஆரம்பத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று ஒரு விதி போட்டதும் அது இரண்டு மடங்காகி 36.8 சதவீதம் ஆனது. ஒரே ஒரு ஒழுங்கு, இரட்டிப்பு லாபம்.

ராபர்ட்ஸ் பெயர் வந்ததால் ஒரு சின்ன விலகல். அர்பாநெட்டைக் கட்டியவர் அவர். 1970-ல் பேரி வெஸ்லருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'வளப் பகிர்வு' இருக்கிறது. அதற்கு முன் 1966-ல் பென்டகனில் பாப் டெய்லர் என்பவரின் அறையில் மூன்று டெர்மினல்கள் இருந்தனவாம், மூன்று ஊர்க் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்று. ஒன்றோடு பேச ஒரு நாற்காலி, இன்னொன்றோடு பேச வேறு நாற்காலி. ஏன் ஒரே டெர்மினல் போதாது என்ற எரிச்சலில் பிறந்ததுதான் இணையத்தின் பாட்டி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களைப் பகிரக் கட்டிய அந்த வலையில் 1973-ல் கணக்கெடுத்தபோது போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சலாக இருந்தது. மனிதர்களுக்கு இயந்திரத்தை விட மனிதர்கள்தான் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1986-ல் ஆரம்பித்த எர்நெட் அப்படித்தான். ஐந்து ஐ.ஐ.டி.க்கள் (நம்ம சென்னையும் சேர்த்து), பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் என்.சி.எஸ்.டி., டெல்லியின் மின்னணுத் துறை என்று எட்டு இடங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பண உதவி. என்.சி.எஸ்.டி.யை நடத்திய சீனிவாசன் ரமணி 1982-லேயே ரிச்சர்ட் மில்லருடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடிக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே தாழ்வாகச் சுற்றும் ஒரு சிறிய செயற்கைக்கோள். அது ஓர் ஊருக்கு மேலே வரும்போது செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்த ஊருக்கு மேலே போகும்போது இறக்கிவிடும். தபால்காரர் சைக்கிள் வானத்தில் போகிற மாதிரி. ஏழை நாடுகளுக்கு உடனடி இணைப்பு கட்டுப்படியாகாது, ஆனால் காத்திருக்கும் செய்திக்குக் காத்திருக்கும் இணைப்பு போதும் என்பதுதான் அதன் அடிப்படை.

வில்லியனூருக்குத் திரும்புவோம். அங்கே உண்மையான புத்திசாலித்தனம் வானொலிக் கருவியில் இல்லை என்பது என் கருத்து. அது வேறு ஓர் இடத்தில் இருந்தது. பத்து ஊருக்கும் வேண்டியது பெரும்பாலும் ஒரே தகவல்தான். இன்றைய சந்தை விலை, அரசுத் திட்டங்களுக்கு யார் யார் தகுதி, மாட்டு டாக்டர் எங்கே இருப்பார், பஸ் நேரம், தேர்வு முடிவு. இதைப் பத்து ஊரும் தனித்தனியாக இணையத்தில் தேடினால் பத்து மடங்கு போக்குவரத்து. வில்லியனூரில் ஒரு தடவை எடுத்து, தமிழாக்கி, உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றி, வானொலி வழியாக அனுப்பினால் வெளி இணைப்பின் சுமை பத்தில் ஒன்றாகிறது. மேலே போட்ட கணக்கில் 1 எர்லாங் என்று இருந்தது 0.1 ஆகிறது. ஒற்றை டயல்-அப் லைன் தாங்கும்!

பிறகு ஊர் மையத்தில் அந்தத் தகவலை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால், கேட்க வருகிற ஐம்பது பேருக்கும் கம்ப்யூட்டரைத் தட்ட வேண்டியதில்லை. வகுப்பில் 'கேஷ்' என்று படிக்கிறோமே, அது இதுதான். என்ன, இந்தக் கேஷுக்குச் சாக்பீஸ் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தகவலில் பெரும்பகுதி இணையத்திலேயே கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பங்களின் பட்டியலை எந்த அமெரிக்க வலைத்தளம் தரும்? உள்ளூரிலேயே சேகரித்து, தமிழில் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பாதிக்கு மேல் பெண்கள், பலர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். திட்டம் 'நம்ம ஊரு செய்தி' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தியது. கம்ப்யூட்டரே தொடாதவருக்கும் தாள் போகும்.

மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் நடந்ததுதான் அதிகம் பேசப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் உலகக் கடல்களின் அலை உயர முன்னறிவிப்பு வரும். போர்க் கப்பலுக்காகக் கணக்கிட்டது. அதில் வங்கக் கடலின் பகுதியை வில்லியனூரில் இறக்கி, தமிழில் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். கட்டுமரம் தள்ளப் போகிறவர் எந்த மையத்துக்கும் வர வேண்டாம், கரையில் நின்றே காதில் விழும். ஒரு கோப்பு, ஒரு குழாய் ஸ்பீக்கர், ஊர் முழுக்கக் காது. கேட்பவர் எண்ணிக்கை கூடினாலும் செலவு கூடாத பகிர்வு இது ஒன்றுதான். வலைப்பின்னல் ஆராய்ச்சியில் 'மல்ட்டிகாஸ்ட்' என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்கள்!

சரி, இனி நியாயம் பற்றி. பகிர்வு என்றாலே யாருக்கு எவ்வளவு என்ற சண்டை வரும். நம் ஊர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி என்று ஒருவர் இருப்பார். யாருக்கு எத்தனை நாழிகை மடை திறக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. முறைத் தண்ணீர். கடலிலும் பிடிபட்ட மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கணக்கு இருக்கிறது. ஆக, 'டைம் டிவிஷன்' என்றதும் நாம் முழிக்க வேண்டிய அவசியமே இல்லை :-)

கணினி வலையில் நீர்கட்டி இல்லாமல் அதைச் செய்வது எப்படி என்பதுதான் 1980-களின் ஆராய்ச்சி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ராஜ் ஜெயினும் கே.கே. ராமகிருஷ்ணனும் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட முறை அழகானது. நெரிசல் வந்தால் வழியில் இருக்கும் ரூட்டர், போகிற பொட்டலத்தில் ஒரே ஒரு பிட்டை 1 என்று மாற்றும். அவ்வளவுதான். அதைப் பார்த்து அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் சியூவும் ஜெயினும் காட்டியது: வேகத்தைக் கூட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குறைக்கும்போது மடங்காகக் குறைத்தால், யாரும் யாரையும் கலந்து பேசாமலே எல்லோரும் சம பங்குக்கு வந்து சேர்வார்கள். நியாயத்தை அளக்கவே 1984-ல் ஜெயின் குழு ஒரு குறியீடு கொடுத்திருக்கிறது. பத்துப் பேருக்கும் சம பங்கு என்றால் 1. பத்துப் பேரில் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 0.1.

எனக்கு இந்தக் குறியீட்டில் ஒரு குறை தெரிகிறது. பயனாளிகள் எத்தனை பேர் என்பதை அது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பதினோராவது ஆள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தால், சூத்திரத்துக்கு அவரைத் தெரியாது. உள்ளே இருக்கும் பத்துப் பேருக்கும் சமம் என்றால் முழு மதிப்பெண் போட்டுவிடும்.

நம் கிராமங்களில் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வில்லியனூர்த் திட்டக்காரர்கள் இதை முதலிலேயே பார்த்தார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரையே. ஒரு வீட்டில் மையம் வைத்தால், அந்த வீட்டுத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதே தகவல் யாருக்கு என்பதையும் முடிவு செய்துவிடும். அதனால் நிபந்தனைகள்: இடம் பொது இடமாக இருக்க வேண்டும், ஊரே வாடகையில்லாமல் தர வேண்டும், தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி வரக்கூடியதாக இருக்க வேண்டும், நடத்துபவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். இவற்றுக்கு ஊர் ஒப்புக்கொண்டால்தான் கம்ப்யூட்டர்.

எம்பலத்தில் கொடுக்கப்பட்ட இடம் கோயிலைச் சேர்ந்தது. 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைப் பற்றி எழுதியது. அதில் வரும் விவரம் என்னை நிறுத்தியது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியாகத் தாழ்த்தப்பட்டவர்களும் மாதவிலக்கான பெண்களும் போகக் கூடாது. பக்கத்து வாசல் தகவல் மையத்துக்கு. அதில் யாரும் போகலாம். ஒரே கட்டடம், ஒரே சுவர்!

இதைப் பெரிய புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வாசல் அப்படியேதானே இருந்தது? ஆனால் இரண்டாவது வாசலைத் திறப்பதற்கு ஊரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வானொலியை நிறுவுவதை விட அதற்குத்தான் அதிக நாள் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். என் வகுப்பில் ஓ.எஸ்.ஐ. மாடலுக்கு ஏழு அடுக்கு சொல்கிறார்கள். நம் நாட்டுக்கு அடியில் ஓர் எட்டாவது அடுக்கு வேண்டும், வாசற்படி அடுக்கு என்று.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் தமிழ்நாட்டில் முயற்சி செய்யப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பம். ஒரு கோபுரத்திலிருந்து சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கம்பியில்லாமல் போனும், 35 அல்லது 70 கே.பி.பி.எஸ். இணையமும். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் 'சாரி' திட்டத்தில் இதை வைத்து ஊர் ஊராகக் கியோஸ்க் திறந்தார்கள். இங்கே பகிர்வின் விதி வேறு. கியோஸ்க் பலவும் ஒரு உள்ளூர்த் தொழில்முனைவோரின் கடை. வருகிறவர் காசு கொடுத்து உபயோகிக்கிறார், கடைக்காரர் கடனை அடைக்கிறார். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்பியதெல்லாம் அங்கே நடந்தது. தொழில்நுட்பம் வில்லியனூரை விட நிச்சயம் உயர்ந்தது. ஆனால் 2005 வாக்கில் தனியார் கியோஸ்குகள் பலவும் மூடப்பட்டன. வருமானம் கட்டவில்லை, பழுது பார்க்க ஆள் வரவில்லை.

அதற்காகக் கடை தோற்றது, பொதுச் சொத்து ஜெயித்தது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. வில்லியனூருக்கு வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருந்தது, மேலூர்க் கடைக்காரருக்கு அது இல்லை. இந்த ஒப்பீட்டை நேர்மையாகச் செய்ய வேண்டுமானால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வில்லியனூர்த் திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது, வெளிநாட்டு விருந்தினர்கள் வரிசையாக வந்தார்கள். விருது வாங்கிய எல்லாமே நிலைத்துவிடுவதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தேதியை எங்கள் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

நல்லவாடு என்ற மீனவ ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவரின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். இந்தோனேசியாவில் அலை அடித்த செய்தியை அங்கே கேட்டவர் உடனே ஊருக்குப் போன் செய்தார். இங்கே கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதை வீட்டார் சொல்ல, எல்லோரும் ஓடச் சொன்னார். வீட்டார் சொன்னால் நான்கு வீட்டுக்குத் தெரியும். மொத்த ஊருக்கும்? ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போனார்கள். தினமும் அலை உயரம் சொல்லும் அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கையைச் சொன்னார்கள், சைரன் ஒலித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழும் ஊர். படகும் வீடும் போயின, ஊரில் உயிர் போகவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

இதை அந்தத் திட்டத்தின் வெற்றிக் கதையாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த எச்சரிக்கை வில்லியனூரிலிருந்து வரவில்லை, எந்த அரசு அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. ஒரு தனி மனிதரின் ஐ.எஸ்.டி. கால். அன்று காலை வலையின் மேல்பாதி முழுவதும் மௌனம். வேலை செய்தது கடைசி முந்நூறு மீட்டர் மட்டும். ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது, அதில் வரும் குரலை நம்பலாமா என்பதெல்லாம் ஊருக்குத் தினசரிப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. தினமும் அலை உயரம் சொல்லாமல், சுனாமிக்கென்று மட்டும் ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் அன்று அது பாடியிருக்குமா என்பது சந்தேகம்.

அதற்கப்புறம் நடந்தவை வேகமாக. சுனாமிக்கு இரண்டு மாதம் முன்பே, 2004 அக்டோபர் 18-ல், இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழி கிராம வள மையங்களைத் தொடங்கியிருந்தன. திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகியவை முதல் மூன்று. 'மிஷன் 2007' என்ற பெயரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் அறிவு மையம் என்று ஒரு கூட்டணி எழுந்தது. 2006 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. ஹைதராபாத்தில் 1999-ல் ஆரம்பித்த இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அலை உயரத்துக்கு அமெரிக்கக் கடற்படையை நம்பியிருக்க வேண்டிய நிலை போய்விட்டது. மீனவர்களுக்கு மொபைலிலேயே கடல் நிலவரம் தரும் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலியையும் சுவாமிநாதன் நிறுவனம் கொண்டுவந்தது. சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28-ல் காலமானபோது பத்திரிகைகள் பசுமைப் புரட்சியைத்தான் பக்கம் பக்கமாக எழுதின. வில்லியனூர் வானொலிக்கு ஒன்றிரண்டு வரி கிடைத்திருந்தால் அதிகம்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, பகிர்வு தேவையில்லை என்று தோன்றும். உண்மையில் பகிர்வு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பொம்மையார்பாளையத்தில் நான் பார்க்கும் டவர், சுற்றியிருக்கும் எல்லா போனுக்கும் ஒரே அலைவரிசைப் பட்டையை மில்லிசெகண்ட் கணக்கில் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எர்லாங்கின் கணக்கு அங்கேயும் உண்டு: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வராது. புயல் நாளில் மட்டும் வரும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புதுச்சேரிக்குப் பக்கத்தில். அந்த மாதிரி இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லோரையும் கூப்பிடுவார்கள். கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. மீனவக் குப்பங்களில் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரையும், அதற்கு ஒரு கார் பேட்டரியையும் இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.